தம்பியின் ஓட்டம்

பழைய வீடியோ விளையாட்டுக்களில் எதற்குப் புது உருவம் தர வேண்டும் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். 1989-ஆம் வருஷத்துப் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வுக்கு என்றேன். ஜோர்டன் மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் சொல்லிப் படம் பிடித்து, அந்த அசைவுகளைக் கொண்டே ராஜகுமாரனைத் தீட்டினார். ஆகையால்தான் அவன் குழியில் விழும்போது நம் அடிவயிறு கலங்குகிறது. ராஜகுமாரியை மீட்க 60 நிமிஷந்தான்!

2007-இல் ஒரு புது உருவம் வந்ததே என்பீர்கள். வந்தது, பளபளப்புக்குக் குறைவில்லை, தம்பியின் ஓட்டத்தைத்தான் காணோம். தொலைந்ததென்று எண்ணியிருந்த மூல நிரலின் வட்டுக்கள் 2012-இல் மெக்னருடைய தகப்பனார் கையில் அகப்பட்டன. நிரலை மெக்னர் உலகுக்கே திறந்து வைத்தார். அந்த ஓட்டத்தின் கணக்கு அதில் இருக்கிறது. இனிச் செய்கிறவர்கள் புரட்டிப் பார்க்கட்டுமே!