சுங்காய் கல்லறைகளும் நம் வீட்டுப் பெயர்களும்



தாய்லாந்து போகிறவர்கள் காஞ்சனபுரியில் குவாய் பாலத்தின் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குச் சற்றுத் தள்ளி, குவாய் நொய் ஆற்றங்கரையில், சுங்காய் போர்க் கல்லறை இருக்கிறது. சயாம்-பர்மா ரயில் பாதை போடும்போது ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்து இறந்த வீரர்கள் 1,700 பேருக்கு மேல் அங்கே அடக்கம். வெண்கலத் தகடுகளில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். சிலவற்றில் வீட்டார் எழுதித் தந்த ஒரு வரி.

அந்தப் பெயர்கள் எப்படிக் கிடைத்தன? கைதிகளே எழுதிவைத்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்துக்கொண்டிருந்த நிலையிலும், யார், என்றைக்கு, எங்கே புதைத்தோம் என்று குறித்து, காவலர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். 1945இல் அந்தக் குறிப்புகளைக் கொண்டுதான் பாதை நெடுகக் கல்லறைகளைத் தேடினார்கள். முப்பது வருஷம் வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்தவன் நான். அந்தக் குறிப்புகளின் அருமை எனக்குத் தெரியும்.

415 கிலோமீட்டர் பாதை அது. கைதிகளில் இறந்தவர்கள் 12,000க்கு மேல். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்கள், மலாய்க்காரர்கள், பர்மியர்கள் என்று கூலிகளாக உழைத்து இறந்த ஆசியர்கள் சுமார் 90,000 என்கிறார்கள். அந்த 'சுமார்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. அவர்களுக்குப் பதிவேடு இல்லை.

வெள்ளைக்காரன் தன் ஆட்களுக்கு மட்டும் கல் வைத்துக்கொண்டான் என்று சிலர் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயம்தான். தேடிப் போனவர்கள் ராணுவத்தாரைத்தான் தேடினார்கள். ஆனால் 80 வருஷமாக நாம் என்ன எழுதிவைத்தோம்? 2023இல் காஞ்சனபுரியில் தமிழர்களுக்கு நடுகல் வைத்தார்கள். நல்ல காரியம். அதற்கு மேல் பெயர்களும் வேண்டும். அந்தப் பெயர்களில் பல இன்னும் நம் ஊர்க் கிழவிகளின் ஞாபகத்தில்தான் இருக்கின்றன.

'மலேயா போனார், திரும்பவில்லை' என்று உங்கள் வீட்டிலும் யாரையாவது சொல்வார்கள். அவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கப்பல் ஏறிய வருஷம், தோட்டத்தின் பெயர், தெரிந்தவரை கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன்.

எங்கள் சின்னத் தாத்தா அப்படிப் போனவர்தான். சயாமுக்குக் கொண்டுபோனார்கள் என்ற சேதியோடு சரி. அவர் இருந்த தோட்டத்தின் பெயர் எனக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரிந்திருக்கும், அவருக்கு 90 வயதாகிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள்.