சேர்த்து வைப்பவரும் குறைத்துக் கொள்பவரும் ஒரே வீட்டில்



நிக்காஹ் முடிந்து தனிக்குடித்தனம் செல்லும் பிள்ளைகளுக்கு அண்டா, குத்துப்போணி, கட்டில், பீரோ என்று வண்டி நிறைய ஏற்றி அனுப்புகிறோம். அவ்வளவு பொருள்களோடு, இரு வேறு பழக்கங்களில் வளர்ந்த இருவர் ஒரே கூரையின் கீழ் எப்படி வாழ்வது என்பதை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. இதனால் ஒரு குடும்பம் கலங்கியதையும், அதில் நாம் செய்த ஒரு தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

உப்பிலியபுரத்தில் நம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் சிங்கப்பூரில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தார். தொழிலாளர் விடுதியில் அவருக்கென்று இருந்தவை ஒரு கட்டிலும் ஓர் இரும்பு அலமாரியும் மட்டுமே. குறைவாக வைத்துக்கொண்டால் மனம் லேசாகிறது என்பதை அங்கே அனுபவத்தில் கற்றுக்கொண்டார். அவர் மணமுடித்த பெண்ணோ, எதையும் வீசியெறியாத வீட்டில் வளர்ந்தவர். நீடோ டின்னில் பருப்பு, துணிக்கடைப் பைக்குள் இன்னும் பத்துப் பைகள், பிய்ந்த புடவைகள், பழைய கல்யாணப் பத்திரிகைகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு நாள் தேவை வரும் என்பது அவ்வீட்டின் நம்பிக்கை. கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய நம் பகுதியில், மழை பொய்த்த ஆண்டுகளில் வயல் வேலையின்றி நாள் கடத்திய தாய்மார்கள் அப்படித்தான் குடும்பத்தைக் காத்தார்கள். அப்பெண்ணின் தாயாரும் அத்தகையவரே. மகளின் திருமணத்திற்கு முன்பே அவர் வஃபாத்தாகிவிட்டார்.

இருவரும் துறையூரில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டிற்குக் குடிபோனார்கள். ஓர் அறையைப் பொருள்களே எடுத்துக்கொண்டன. சில மாதங்கள் வாக்குவாதத்தில் கழிந்தன. மனைவி தம் அத்தா வீட்டிற்குச் சென்றிருந்த ஒரு நாளில், கணவர் இரண்டு சாக்கு மூட்டைகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். அவற்றுள் மனைவியின் தாயார் கொடுத்த பித்தளைப் போணி ஒன்றும் இருந்தது. திரும்பி வந்து பார்த்தவர், மறுநாளே அத்தா வீட்டிற்குப் போய்விட்டார்.

மாணவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், நபி (ஸல்) அவர்களின் வீட்டில் எவ்வளவு பொருள்கள் இருந்தன? நான் செய்தது எளிமைதானே? பதுக்கி வைப்பவர் பாவி என்று ஹதீஸில் வருகிறதே?" என்று கேட்டார். ஈச்ச நார் நிரப்பிய தோல் விரிப்பில் படுத்துறங்கிய பெருமானாரின் எளிமையைப் பல முறை பாடம் நடத்திய நாம், உடனே அவர் பக்கம் சாய்ந்துவிட்டோம். அந்தப் பெண்ணைப் பொறுமையாக இருக்கச் சொல்வதாகவும் வாக்களித்தோம்.

அன்றிரவு இதைக் கேட்ட நம் வீட்டார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "அந்தப் போணி யாருடையது என்று கேட்டீர்களா?"

நாம் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியதே அதுதான்.

மனைவியின் உடைமை மனைவிக்கே உரியது என்பதில் நம் மார்க்கம் தெளிவாக இருக்கிறது. மஹரில் ஒரு பகுதியைக்கூட அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் கணவன் அனுபவிக்கலாம் என்கிறது அந்நிஸா அத்தியாயம் (4:4). பால்குடி மறக்கச் செய்வதில்கூடக் கணவனும் மனைவியும் கலந்து பேசி, மனம் ஒப்பி முடிவெடுப்பதைக் குர்ஆன் கற்றுத்தருகிறது (2:233). அவ்வாறிருக்க, பிறருடைய பொருளைக் கேட்காமல் அகற்றிவிட்டு அதற்கு 'எளிமை' என்று பெயரிட எவருக்கு உரிமை உண்டு? எளிமை என்பது நம் கையில் இருப்பதை நாம் விட்டுவிடுவது. அடுத்தவர் கையில் இருப்பதைப் பிடுங்குவது அன்று.

அவர் சுட்டிய ஹதீஸின் பொருளும் வேறு. விலை ஏறட்டும் என்று மக்களுக்குத் தேவையான சரக்கை முடக்கும் வியாபாரியைப் பற்றியே மார்க்க அறிஞர்கள் அதை விளக்கியுள்ளனர். நீடோ டின்னைச் சேர்த்து வைக்கும் இல்லத்தரசியின் மீது அதைச் சுமத்துவது அநீதி. மேலும், பயன்படக்கூடியதை வீணாக்காதிருப்பதும் சுன்னத்தே. செத்துக் கிடந்த ஓர் ஆட்டைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலையாவது பயன்படுத்திக்கொண்டிருக்கலாமே என்று கேட்டார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

எளிமை மிகுந்து வீட்டாரை வருத்தும்போது என்ன சொல்வது என்பதற்கும் முன்மாதிரி உண்டு. அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, அவர்களுடைய மனைவி அலங்காரமின்றி வாடியிருப்பதை ஸல்மான் (ரலி) அவர்கள் கண்டார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு என்று நண்பருக்கு உணர்த்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள்.

ஆயினும் சேர்த்து வைப்பவருக்குக் கடமையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். வீடு இருவருக்கும் உரியது. முஸல்லாவை விரிக்க இடமில்லாமல், வந்த விருந்தாளியை உட்கார வைக்க வழியில்லாமல் பொருள்கள் நிறைந்திருந்தால், அங்கே கணவரின் உரிமையும் விருந்தினரின் உரிமையும் பறிபோகின்றன. ஆணுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தாளிக்கு, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்தில் முஸ்லிமில் வரும் ஹதீஸைக் கவனியுங்கள். விருந்தாளிக்காக வைத்திருப்பது தேவையாகவே எண்ணப்படுகிறது. எவருக்கும் பயன்படாமல் மிஞ்சுவதே கண்டிக்கப்படுகிறது. அண்டை வீட்டார் இரவல் கேட்கும் அற்பப் பொருளையும் மறுப்பவர்களை அல்மாஊன் அத்தியாயம் எச்சரிக்கிறது. பரணில் இருக்கும் அண்டா பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போய்வருமானால் அது செல்வம். யாருக்கும் தராமல் துருப்பிடிக்குமானால் அது சுமை.

சேர்க்கும் பழக்கம் சிலரிடம் நோயாகவே முற்றிவிடுவதும் உண்டு. நியூயார்க்கில் ஹோமர், லாங்லி காலியர் என்ற சகோதரர்கள் 1947-இல் தங்கள் வீட்டிற்குள்ளேயே இறந்து கிடந்தனர். அவ்வீட்டிலிருந்து 100 டன்னுக்கும் அதிகமான பொருள்கள் அகற்றப்பட்டன. பார்வையிழந்த அண்ணனுக்குக் கண் தெரியும் நாளில் படிக்கக் கொடுக்கலாம் என்றே தம்பி செய்தித்தாள்களை ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்திருந்தார். குவியலின் அடியில் பெரும்பாலும் ஓர் அன்போ அச்சமோ இருக்கிறது. இதைத் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல் ஏற்றது. அடுப்பை நெருங்க முடியாத, படுக்கையில் படுக்க முடியாத நிலை வந்தால், ஏசிப் பயனில்லை. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நம் பெரும்பாலான வீடுகளில் இருப்பது அந்த நோய் அன்று, வெறும் பழக்கம்தான்.

மறுநாள் மாணவரை அழைத்து, நாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டோம். அவர் பழைய இரும்புக் கடைக்கு ஓடினார். போணி கிடைத்தது, விற்றதைவிட அதிக விலைக்கு. மற்றவை கிடைக்கவில்லை. மாமனார் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். பின்னர் இருவரும் மூன்று ஒப்பந்தங்கள் செய்துகொண்டார்கள். ஒருவர் பொருளை மற்றவர் கேட்காமல் தொடக்கூடாது. சேர்த்து வைப்பதற்கு ஒரு பரணும் ஓர் அலமாரியும் மட்டும். அது நிறைந்தால், எதைக் கொடுப்பது என்பதை மனைவியே தீர்மானிப்பார். முன் அறை தொழுகைக்கும் விருந்தாளிக்கும் உரியது.

ஒரு ஆட்டை அறுத்துப் பங்கிட்டபோது தோள்பகுதி மட்டுமே மீதமுள்ளது என்றார்கள் ஆயிஷா (ரலி) அவர்கள். அந்தத் தோள்பகுதியைத் தவிர மற்ற அனைத்தும் மீதமுள்ளன என்று நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள் (திர்மிதி). இதை அப்பெண்ணிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தாயாரின் புடவைகளில் நல்லவற்றைத் தேவையுள்ள இரு பெண்களுக்குத் தாமே கொண்டுபோய்க் கொடுத்ததாக அறிந்தோம். கணவர் கேட்டபோது வராத மனம், தன் கையால் கொடுக்கும்போது வந்தது. நீடோ டின்கள் மட்டும் இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன. மாணவரும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

பெற்றோர்களே, சீர் வரிசையைப் பேசும் நாளில் இதையும் பேசுங்கள். கணவர்களே, மனைவியரே, ஒரு பொருளைத் தூக்கி எறியும் முன்பும், இன்னொன்றை உள்ளே கொண்டுவரும் முன்பும் ஒருவரையொருவர் கேளுங்கள். விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுநிலையை (25:67) வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு அருள்வானாக, ஆமீன்.