ராம் கூட்டினா மட்டும் தீருமா?

பொட்டி தட்டுற நம்ம மக்கள் கிட்ட ஒரு வியாதி இருக்கு. சர்வர்ல "இடம் இல்லை"ன்னு சேதி வந்தா உடனே ரீபூட். டிஎம்பிஎஃப்எஸ்-ல இந்த வைத்தியம் பலிச்ச மாதிரியே தெரியும். மெமரில இருக்கற ஃபைல் சிஸ்டம் ஆச்சே, ரீபூட் பண்ணா எல்லாம் காலி. கூடவே தடயமும் காலி! அடுத்த வாரம் அதே கூத்து.

இது இனிமே பலபேருக்கு நடக்கும். 2025 ஆகஸ்டுல வந்த டெபியன் 13, டெம்ப் அடைவையே மெமரிக்கு மாத்திடுச்சு. வேகம்தான், மறுக்கலை. ஆனா அளவு எதுவும் குறிப்பிடலைன்னா பாதி ராம் வரைக்கும் அதுக்குப் பட்டா. 8 ஜிபி சர்வர்ல டேட்டாபேஸ் 5 ஜிபி தின்னா, மிச்சம் 3. டெம்ப் அடைவோ 4 வரைக்கும் வளரலாம். கணக்கு உதைக்குதா?

ஸ்வாப்பும் தீர்ந்தா கர்னல் ஏதாவது ஒரு ப்ராசஸைப் போட்டுத்தள்ளும். ப்ராசஸ் செத்தாலும் டெம்ப் ஃபைல் சாகாது. ஆக, அப்பாவி டேட்டாபேஸுக்குப் பாடை, குற்றவாளி குத்துக்கல்லாட்டம் அங்கேயே!

அதனால ரீபூட்டுக்கு முன்னாடி கொஞ்சம் துப்பு துலக்குங்க சாமி.

முதல்ல டிஎஃப். இடம் இருந்தும் எழுத முடியலைன்னா ஐநோடு கணக்கைப் பாருங்க. குட்டிக்குட்டி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்குல சேர்ந்தா அதுதான் முதல்ல தீரும்.

டியூ சொல்றதை விட டிஎஃப் அதிகமா சொல்லுதா? அழிச்ச ஃபைலை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வச்சிருக்கலாம். எல்எஸ்ஓஎஃப் காட்டிக்கொடுக்கும். அந்த ஒண்ணை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணாப் போதும்.

ஃப்ரீ கட்டளையில கேஷ் நிறைய இருக்குன்னு நிம்மதியா தூங்காதீங்க. டிஎம்பிஎஃப்எஸ் ஃபைலும் அதுலதான் சேரும், ஆனா மத்த கேஷ் மாதிரி தூக்கிக் கடாச முடியாது. பக்கத்துல ஷேர்டுன்னு இருக்கே, அதைப் பாருங்க.

"ராம் கூட்டிட்டாப் போச்சு"ம்பாங்க சிலர். ராம் கூடினா அந்தப் பாதியும் சேர்ந்து கூடும் அண்ணாச்சி! ஓட்டைப் பானைக்குப் பெரிய பானை பதில் இல்லை.

என் கட்சி இதுதான்: சர்வர்ல டிஎம்பிஎஃப்எஸ் அளவை எப்பவும் கையால எழுதி வைக்கணும். ரீமவுண்ட் பண்ணா ஓடிட்டிருக்கும்போதே மாத்தலாம், ஒரு நிமிஷ வேலை. டெம்ப் நிறைஞ்சு ஒரு புரோகிராம் அழறது, சர்வரே படுக்கறதை விட எவ்வளவோ தேவலை. என்ன சொல்றீங்க? :-)