கறிவேப்பிலையைத் தூங்க விடுங்கள்

நம் மெட்டுகுடாவில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் இன்று குளிர் நாடுகளில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேரக் குழந்தைகளின் படிப்புக்கு அடுத்தபடியாக நாம் விசாரிப்பது, அங்கே தொட்டியில் வளரும் கறிவேப்பிலைச் செடியைத்தான். நானும் அப்படி விசாரிக்கும் கிழவன். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன், அன்பர்கள் கோபிக்க வேண்டாம். வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் அந்தச் செடிகள் சாகின்றன என்றால், பெரும்பாலும் காரணம் குளிர் அல்ல, நம் கவனிப்புதான்.

மூன்று வருடங்களுக்கு முன் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கினேன். இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதுமே அவள் செடியை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். சரியான காரியம். டிசம்பரில் இலைகள் பழுத்து உதிர்ந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் ஒரு சொம்புத் தண்ணீர், வாரம் ஒருமுறை புளித்த மோர். ஊர் வழக்கமாயிற்றே! தொட்டியிலிருந்து கிளம்பிய நாற்றத்தையும் கொசு போன்ற பூச்சிகளையும் பற்றி மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தார். வெளியே மைனஸ் எட்டு. பிப்ரவரியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருந்தது. ஆறு வருடச் செடி. "போகட்டும்ப்பா" என்றாள் மகள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஊர் திரும்பியதும் எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மாளிடம் இதைச் சொன்னேன். "சலிகாலத்தில் கரிவேபாகு தூங்கும். நீங்கள் ஏன் எழுப்பினீர்கள்?" என்றார். உண்மைதான். நம் முற்றத்து மரமே டிசம்பர், ஜனவரிக் குளிரில் துளிர் விடாமல் சும்மா நிற்கிறது. முப்பது வருடம் பார்த்தும் கவனிக்கவில்லை.

வெளிச்சமும் இலையும் குறைந்தால் வேர் நீர் குடிப்பதும் குறையும். மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்றில்லை, அழுகும். ஆகவே மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உரமும் மோரும் வசந்தத்துக்கு. தெற்கு ஜன்னல் நல்லது. ஹீட்டர் காற்று படும் இடம் ஆகாது. அந்த வறட்சியில் சிலந்திப் பேனும் செதில் பூச்சியும் பெருகும். (வெற்றிலைக் கொடி வேறு ஜாதி, அதற்கு ஈரக் காற்று வேண்டும்.) செடி மொட்டையானால் எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மே மாதம் வெளியே வைக்கும்போதும் முதலில் சில நாள் நிழலில் இருக்கட்டும்.

இன்னொன்று, சிலருக்குக் கசக்கும். ஈரத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் கன்று கொண்டுபோனதைச் சங்கக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அது பெருமையாகத் தோன்றவில்லை. கறிவேப்பிலை ஆரஞ்சு, எலுமிச்சையின் குடும்பம். சிட்ரஸ் கிரீனிங் நோயைப் பரப்பும் சிறு பூச்சி இதிலும் குடியிருக்கும். 2005இல் ஃப்ளோரிடாவில் அந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. புயல்களும் சேர்ந்துகொள்ள, அங்கே ஆரஞ்சு விளைச்சல் இருபது வருடங்களில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அமெரிக்காவில் இச்செடிக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பது நம்மீதுள்ள விரோதத்தால் அல்ல. நம் ரசத்துக்காக இன்னொருவர் தோப்பு அழியலாமா? அங்கேயே நர்சரிகளில் சான்றிதழோடு கன்று கிடைக்கிறது. விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

மகளும் அப்படித்தான் புதிதாக ஒன்று வாங்கினாள். போன டிசம்பரில் ஒரு ஞாயிறு, "அப்பா, இலை எல்லாம் கொட்டிவிட்டது, என்ன செய்ய?" என்றாள். ஒன்றும் செய்யாதே என்றேன்.

"மோர்?" என்று கேட்டுச் சிரித்தாள்.