நீலத்துக்குக் கடுக்காய் கொடுங்க!

‘ப்ளூ பிரின்ட்’னு வாய்க்கு வாய் சொல்றோமே, நிஜ ப்ளூ பிரின்ட்டை யாராவது கண்ணால பார்த்திருக்கீங்களா? அதோட ஒரிஜினல் பேர் சயனோடைப். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு... ரெண்டு கரைசலையும் கலந்து, இருட்டு ரூம்ல துணியில தடவிக் காய வைக்கணும். மேல ஒரு இலையை வெச்சு வெயில்ல காட்டி, பச்சைத் தண்ணியில அலசினா, இலை வெள்ளையாவும் சுத்தி அடர் நீலமாவும் படம் நிக்கும். எங்க அமராவதி நகர் மத்தியான வெயிலுக்குக் கால் மணி நேரமே ஜாஸ்தி!

திருப்பூர் கட்டிங் வேஸ்ட் பனியன் துணியில புளியங்கொத்து ஒண்ணை இப்படிப் பிரின்ட் போட்டேன். சூப்பர் நீலம். மறுநாள் அம்மா அதையும் அழுக்குத் துணியோட சோப்புத் தூள்ல ஊற வெச்சுட்டாங்க. எடுத்துப் பார்த்தா வெளிறின மஞ்சள்! “சாயம் போற துணின்னு முன்னாடியே சொல்லக் கூடாதா கண்ணு?”

சாயம் போகலைங்க. சோப்புத் தூள்ல இருக்கிற சோடா அந்த நீலத்தை உடைச்சிடுச்சு, அவ்வளவுதான். அதுல இருந்த இரும்பு, துரு மாதிரி துணியிலேயே உட்கார்ந்திருக்கு. இரும்பு மேல துவர்ப்பு பட்டா என்ன ஆகும்? வாழைக்காய் நறுக்கின அருவாமனையைப் பாருங்க, கறுத்துப் போயிருக்கும். அதே சங்கதிதான். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்காரங்க கடுக்காயில ஊறின துணி மேல, துருவும் வெல்லமும் புளிக்க வெச்ச தண்ணியாலதான் கறுப்புக் கோடு இழுக்கிறாங்க. நமக்கு வரிசை மட்டும் தலைகீழ்: இரும்பு முதல்ல, கடுக்காய் அப்புறம்.

நாட்டு மருந்துக் கடையில கடுக்காய்ப் பொடி வாங்கிக் கொதிக்க வெச்சு வடிகட்டி, அந்த மஞ்சள் துணியை அரை மணி நேரம் முக்கினேன். புளியங்கொத்து திரும்பி வந்துச்சு, இந்த தடவை கறுப்புப் பின்னணியில! டீ டிகாஷன்னா பழுப்பு கிடைக்கும். சோடாவே காட்டாம நேரா டீயில போட்டா, நீலம் கருநீலமாகும். ஒரு விஷயம், வெள்ளை வெள்ளையாவே இருக்காது. டீக்கறை அங்கேயும் ஏறும். எனக்கு அதுவும் பிடிச்சிருக்கு, உங்களுக்கு எப்படியோ.

வேணும்னே செய்யறவங்க ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் வாஷிங் சோடா போடுங்க, போதும். கண்ணை எடுக்காம பாருங்க. ரொம்ப நேரம் விட்டா மெல்லிய கோடெல்லாம் காலி. கையில கிளவுஸ், சமையல் பாத்திரத்துக்கு நோ. முக்கியமா, ஃபெரிசயனைடு பக்கத்துல ஆசிட் வேண்டவே வேண்டாம். சயனைடு வாயு கிளம்பலாம், விளையாட்டு இல்லை.

அப்புறம் அந்த சோடாத் தண்ணி. ஒரு மக்குதானே, சாக்கடையில ஊத்திடலாம்னுதான் எனக்கும் கை போச்சு. நொய்யலுக்காக 2011 ஜனவரியில திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்ட ஜில்லா இது. கை நின்னுடுச்சு. ஊத்தாம பாட்டில்ல பிடிச்சு, ‘குடிக்காதே’ன்னு எழுதி ஒட்டி வெச்சிருக்கேன். அதே தண்ணியில இதுவரை நாலு பிரின்ட் வெளுத்தாச்சு.