வெப்பம் கசியும் வீடுகள்



உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்கிறோம். பனி உறையும் நாடுகளில் நான்காவதாக ஒன்றும் உண்டு, அதுவே வெப்பம். அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலம் மாதக்கணக்கில் நீடிக்கும். செல்வருக்கு வீட்டைச் சூடாக்குவது பல செலவுகளுள் ஒன்று. ஏழைக்கோ அது உணவோடும் மருந்தோடும் போட்டியிடும் செலவு. வேறு வழியின்றி, எரிவாயு அடுப்பைத் திறந்து வைத்துக் குளிர் காய்வோரும் உண்டு. அவ்வாறு செய்கையில் மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அறையில் நிறைந்து உயிரையே பறித்துவிடக்கூடும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெய் எரித்தே குளிர் போக்கும் மேயின் போன்ற மாநிலங்களின் ஏழைக் குடும்பங்கள் திகைத்து நின்றன. அந்த நெருக்கடியிலிருந்து இருவகை உதவிகள் பிறந்தன.

ஒன்று, கட்டணத்திற்கான உதவி. 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கூட்டரசு மாநிலங்களுக்கு நிதி வழங்குகிறது. தகுதியுள்ள குடும்பங்களின் எரிபொருள் கட்டணத்தில் ஒரு பகுதியை மாநிலங்கள் ஏற்கின்றன. ஆனால் அந்நிதி வரம்புக்கு உட்பட்டது. தகுதியுள்ளோர் அனைவருக்கும் அது எட்டுவதில்லை.

மற்றொன்று, வீட்டையே குளிருக்கு எதிராகச் செப்பனிடும் உதவி. ‘வெதரைசேஷன்’ என வழங்கப்பெறும் இத்திட்டம் 1976-இல் சட்டமாயிற்று. வறுமைக்கோட்டு வருமானத்தின் இருமடங்கு வரை பெறுவோர் இதற்கு விண்ணப்பிக்கலாம். முதியோருக்கும், உடல் ஊனமுற்றோருக்கும், குழந்தைகள் உள்ள இல்லங்களுக்கும் முன்னுரிமை உண்டு. இதுவரை 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட இல்லங்கள் பயன் பெற்றுள்ளன.

இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். சுவரிலும் கூரையிலும் வெப்பம் கசியும் வீட்டுக்கு ஆண்டுதோறும் எரிபொருள் வாங்கித் தருவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போன்றது. குடத்தின் ஓட்டையை அடைப்பதே இரண்டாவது உதவி.

தொடக்கத்தில் சன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவது போன்ற தற்காலிக வேலைகளே நடந்தன. இன்றோ வாயிற்கதவின் சட்டத்தில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கிறார்கள். அப்போது எந்த விரிசலின் வழியே வெளிக்காற்று நுழைகிறது என்பது புலனாகும். அவ்விரிசல்களை அடைத்து, கூரையின் அடியிலும் சுவர்களின் உள்ளும் வெப்பக் காப்புப் பொருளை நிரப்புகிறார்கள். பழைய செய்தித்தாள்களை அரைத்துச் செய்த பஞ்சு போன்ற பொருளும் இதற்குப் பயன்படுகிறது. சூடாக்கும் கருவி பாதுகாப்பாக இயங்குகிறதா என்பதையும் சோதிக்கிறார்கள்.

ஆயினும் இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு. கூரை ஒழுகும் வீட்டிலும், மின்கம்பிகள் பழுதுற்ற வீட்டிலும் இவ்வேலையைச் செய்ய இயலாது. முதலில் பழுது பார்த்து வருமாறு திருப்பி அனுப்புவார்கள். பழுது பார்க்கப் பணம் இருந்தால் அவர்கள் ஏன் உதவி கேட்கிறார்கள்? மிகுந்த தேவையில் இருப்பவரே வாசலில் நிறுத்தப்படுகிறார். இக்குறையைப் போக்குவதற்கென 2022-இல் தனி நிதி ஒன்று தொடங்கப்பட்டது. வாடகைக்குக் குடியிருப்போரின் நிலையும் எளிதன்று. வீட்டுக்காரர் இசைந்தாலன்றி வேலை நடைபெறாது.

அரசின் கை எட்டாத இடங்களில் தொண்டு அமைப்புகள் துணை நிற்கின்றன. 1833-இல் பாரிசில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபையினர், அமெரிக்காவிலும் ஏழைகளை இல்லம் தேடிச் சந்தித்து, மின்சார, எரிவாயுக் கட்டணங்களுக்கு உதவி வருகின்றனர்.

கட்டணத்தைச் செலுத்துவது இன்றைய இரவைக் காக்கும்; விரிசலை அடைப்பது இனிவரும் இரவுகளையும் காக்கும். குளிரில் நடுங்குபவரிடம், விரிசலை அடைக்கும்வரை பொறுத்திரு என்று சொல்லலாகாது. அதற்காக ஆண்டுதோறும் கட்டணம் மட்டும் கட்டிவிட்டு அமைதி கொள்வதும் போதாது. அந்நாட்டுக்கு மட்டுமன்றி, கொடுக்க நீளும் எக்கரத்திற்கும் இது பொருந்தும்: கேட்டதைக் கொடுப்போம், கேட்க நேர்ந்த காரணத்தையும் கண்டு களைவோம்.