ஆச்சியின் டிவிடி பிளேயருக்கும் ஒரு காப்பி

"இந்தக் காலத்துல போய் எவனாவது வீடியோவ விசிடி, டிவிடின்னு மாத்திக்கிட்டு இருப்பானால?" வகுப்பில் நண்பன் ஒருவன் கேட்டான். பக்கத்தில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் மாற்றுவேன். நீங்களும் மாற்ற வேண்டும் என்றும் சொல்வேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கம் தெருவுக்குள் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் பெண்கள். மடியில் சொளவு, அதில் இலை, தூள், நூல், கத்திரி. ரெண்டு கைக்கும் ஓய்வே கிடையாது. எதிரே டிவி பாட்டுக்கு ஓடும். கண் இலையில், காது டிவியில். "அதான் எல்லார்கிட்டயும் போன் இருக்கே, அதுல பாத்துக்க வேண்டியதுதான" என்கிறார்கள். போனைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அறுபது வயதுக் கண்ணுக்கு ஆறு அங்குலத் திரையில் என்ன தெரியும்?

அந்த டிவி எது என்பதுதான் விஷயம். 2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, ஆட்சிக்கு வந்ததும் வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். பாதி பழுதாகி, பாதி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கலாம். மிச்சம் இருப்பவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஹெச்டிஎம்ஐ துளை எல்லாம் அதில் கிடையாது. மஞ்சள், வெள்ளை ஒயரைச் செருகி ஒரு டிவிடி பிளேயரை மாட்டினால் உண்டு.

அதில் பார்க்க விரும்புவது என்ன? சினிமாவை ஏதாவது சேனலில் போட்டுவிடுவான். ஊர் அம்மன் கோவில் கொடையையும் அதில் நடந்த வில்லுப்பாட்டையும் எந்தச் சேனல் போடும்? திருப்பூரிலோ மும்பையிலோ நடந்த பேரன் கல்யாணத்தை எவன் போடுவான்? அதெல்லாம் பென் டிரைவில் வருகிறது. இல்லையென்றால் யாரோ ஒருவர் போனில் வருகிறது. ஸ்டுடியோக்காரர் 4கே-யில் எடுத்திருப்பார். ஐபோன்கள் 2017 முதல் ஹெச்.265 என்ற முறையில் பதிகின்றன. அந்த முறையே வெளியானது 2013ல்தான். டிவிடி பிளேயருக்குத் தெரிந்த எம்பெக்-2 தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. பேரன் பேசும் பாஷை தாத்தாவுக்கு எப்படிப் புரியும்? பென் டிரைவைச் செருகினால் "அன்சப்போர்ட்டட்" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். பெற்ற பேரன் கல்யாணத்தை ஆச்சி இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை என்ற கதை எங்கள் பக்கம் நிறைய உண்டு.

"புது டிவி வாங்கிரலாம்லா?" வாங்கலாம். வணிகவியல் படிக்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன் (படிச்சதை வேறு எங்கே காட்டுவது!). தேய்மானம் முழுக்கக் கழித்து, ஏட்டில் மதிப்பு பூஜ்யம் ஆகிவிட்ட ஒரு இயந்திரம் இன்னும் ஓடுகிறது என்றால் எந்த முதலாளியும் அதைத் தூக்கிப் போடமாட்டார். அது ஓடுகிற ஒவ்வொரு நாளும் லாபம். ஆச்சியின் டிவிடி பிளேயரும் அப்படித்தான். அதற்காக நாம் செய்ய வேண்டியது கோப்பை மாற்றுவது மட்டும். செலவு கொஞ்ச நேரம், கொஞ்சம் கரண்ட், ஒரு காலி வட்டு.

மாற்றும் மென்பொருளுக்குக் காசே வேண்டாம். ஆனால் "ஃப்ரீ கன்வர்ட்டர்" என்று தேடி முதலில் வருவதை எல்லாம் இறக்காதீர்கள். பாதிக்கு மேல் விளம்பரக் குப்பை. படத்தின் நடுவில் தன் பெயரை முத்திரை குத்தி, அதை எடுக்கக் காசு கேட்பவையும் உண்டு. நான் சொல்வது கட்டற்ற மென்பொருள். தமிழில் இது பற்றி 'கணியம்' இதழ் 2012 முதல் எழுதி வருகிறது, படியுங்கள்.

இதில் தலைமைச் சமையல்காரர் எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரிஸ் பெல்லார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 2000ல் தொடங்கியது. விஎல்சி உள்பட எத்தனையோ மென்பொருள்களின் வயிற்றுக்குள் இதுதான் இருக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். 'டார்கெட்' என்ற விருப்பத்துக்கு 'பால்-டிவிடி' என்று கொடுத்தால் போதும். 720க்கு 576 அளவு, நொடிக்கு 25 படம் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். 'பால்-விசிடி' என்றால் 352க்கு 288. வட்டாக எழுத டிவிடிஸ்டைலர் இருக்கிறது, அதுவும் கட்டற்றதே. பிளேயரில் யூஎஸ்பி துளையும் டிவ்எக்ஸ் முத்திரையும் இருந்தால் வட்டே வேண்டாம், எக்ஸ்விட் முறையில் ஏவிஐ கோப்பாக்கினால் ஓடும். (டிவ்எக்ஸைத் திருப்பிப் போட்டால் எக்ஸ்விட். குசும்பு பிடித்தவர்கள்!) பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கட்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் பழைய பிளேயரில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியலாம், அதையும் கவனியுங்கள்.

கட்டற்ற மென்பொருள்காரர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஹேண்ட்பிரேக் அருமையான மென்பொருள். ஆனால் 2009லேயே ஏவிஐ-யையும் எக்ஸ்விட்டையும் தூக்கி எறிந்துவிட்டார்கள். பழசு, இனி தேவையில்லை என்பது அவர்கள் கட்சி. யாருக்குத் தேவையில்லை? அவர்கள் ஊரில் டிவிடி பிளேயர் அப்போதே பரணுக்குப் போயிருக்கலாம். இங்கே பல வீடுகளில் அப்போதுதான் பெட்டியே பிரித்தார்கள். எஃப்எஃப்எம்பெக் அப்படிச் செய்யவில்லை. எப்போதோ செத்துப்போன வடிவங்களைக்கூட அது இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் அதன் மேல் எனக்கு மரியாதை.

இன்னொன்று. 1996ல் பாரிஸில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலைதான் பின்னால் விஎல்சி ஆனது. அதன் இணையதளம் 2022ல் பல மாதங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. தகுந்த விளக்கம் எதுவும் இல்லை. தயாரிப்பவர்கள் சட்ட நோட்டீஸ் அனுப்பிய பிறகு நவம்பரில் தடை நீங்கியது. அப்போதும் ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, படம் ஓடிக்கொண்டே இருந்தது. இணையதளத்தில் ஏற்றி மாற்றித் தரும் சேவைகளை நான் நம்பாததற்கு இதுவும் காரணம். கடை சாத்தினால் நம் கை கட்டிப்போகும். அதுவும் இல்லாமல், வீட்டுக் கல்யாணத்தை முகம் தெரியாதவன் கணினியில் ஏன் ஏற்ற வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. இப்படி மாற்றும்போது தரம் குறையும், குறைந்தது திரும்பி வராது. விசிடியைப் பிறகு என்ன செய்தாலும் 4கே ஆக்க முடியாது. எனவே மூலக் கோப்பை அழித்துத் தொலைக்காதீர்கள். அதை ரெண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள். வீட்டில் எழுதிய டிவிடியும் நிரந்தரம் இல்லை, கீறல் விழும், சில வருஷங்களில் படிக்காமலும் போகலாம். அது பார்ப்பதற்கான காப்பி மட்டும்தான்.

ஸ்டுடியோக்காரர்களும் இதைச் செய்யலாம். கல்யாண ஆல்பத்துக்கு அவ்வளவு வாங்குகிறார்கள், கூடவே ஒரு டிவிடி தருவதில் என்ன நஷ்டம்? கேட்டால் "அதெல்லாம் இப்ப யாரு தம்பி பாக்கா" என்பார்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே "ஒரு டிவிடியும் வேணும்ணே" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். முழுப் பணமும் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.